பனிக்கு முன் புறப்படுவோர்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், இரயில் பாதையை ஒட்டி வளர்ந்த சிறுநகரம் ரெங்கம். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். முன்பு அதே நிலத்தில் இரப்பர் மரங்கள் நின்றன. ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் முப்பது டிகிரியைத் தாண்டும். இங்கே பிறந்து வளர்ந்த ஒருவரிடம், “குளிர்காலத்தில் எங்கே போய்த் தங்குவீர்கள்?” என்று கேட்டால் கேள்வியே அவருக்கு வேடிக்கையாக இருக்கும். அடைமழைக்காலம் என்றால் விளங்கும். 2006ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பெருவெள்ளத்தை ஜொகூர் மக்கள் இன்னும் மறக்கவில்லை. பனிக்காலம் அப்படியன்று, அது தொலைக்காட்சியில் மட்டும் வருவது.

ஆனால், பனிக்குத் தப்பி வந்தவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தீபகற்ப மலேசியாவின் சிறுநகரங்கள் பலவற்றில், மாலை நேரத்தில் மின்கம்பிகள் கறுத்துவிடும். வரிசை வரிசையாகத் தகைவிலான் குருவிகள் வந்து அமர்ந்திருக்கும். பகாங் மாநிலத்தின் பெந்தோங் நகரம் இதற்குப் பெயர்பெற்றது. சைபீரியா, சீனா, ஜப்பான் முதலிய வட நாடுகளில் கூடுகட்டிக் குஞ்சு பொரித்த பறவைகள் இவை. அங்கே குளிர் தொடங்கியதும் பறக்கும் பூச்சிகள் குறைந்துவிடுகின்றன. உண்ண ஒன்றும் இல்லை. ஆகவே தெற்கே வருகின்றன. மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடுகின்றன. கம்பியின் கீழே வாகனத்தை நிறுத்தியவர்களுக்குத்தான் இந்த விருந்தாளிகளின் அருமை தெரியும்!

மனிதரிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் வாழும் மூத்தவர்கள் பலர், இலையுதிர்காலம் முடிவதற்குள் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெற்கே புறப்படுகின்றனர். புளோரிடா, டெக்சஸ், அரிசோனா ஆகிய மாநிலங்களே அவர்களின் இலக்கு. சிலர் அங்கே வீடு வாங்கியிருப்பர். வேறு சிலர் வீட்டையே உடன் எடுத்துச் செல்வர். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள கேம்பர் வண்டியை ஓட்டிச் சென்று, ஒரு முகாம் திடலில் நிறுத்தி, ஐந்தாறு மாதங்களை அதிலேயே கழித்துவிட்டு இளவேனிலில் ஊர் திரும்புவர். இவர்களுக்குப் ‘பனிப்பறவைகள்’ என்று பெயர்.

இந்தப் பெயருக்கு ஒரு பழைய கதை உண்டு. தொடக்கத்தில் அது வசதியுள்ள ஓய்வூதியரைக் குறிக்கவில்லை. குளிர்காலத்தில் சோறும் கூரையும் கிடைக்குமே என்று படையில் சேர்ந்து, வெயில் வந்ததும் நழுவிவிட்டவர்களை அமெரிக்காவில் அப்படி அழைத்தனர். பின்னர், குளிர்காலத்தில் தெற்கே வேலை தேடிச் சென்ற தொழிலாளர்களையும் அச்சொல் குறித்தது. இன்று பனிப்பறவை என்றவுடன் கடற்கரை நாற்காலியில் சாய்ந்திருக்கும் முதியவர் நினைவுக்கு வருகிறார். சொல்லுக்கு வயதாக ஆக வசதியும் கூடிவிட்டது எனலாம். ஆனால், பழைய பொருள் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

குளிர் என்றால் எவ்வளவு குளிர்? கனடாவின் வின்னிப்பெக் நகரில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 16 டிகிரியை ஒட்டியிருக்கும். நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் மீன் வைக்கும் மேல்தட்டின் குளிர் அது. குளிரைவிட இருட்டு பொல்லாதது என்று சொல்பவர்களும் உண்டு. பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதால், திசம்பரில் வட அரைக்கோளம் சூரியனுக்கு அப்பால் சாய்கிறது. ரெங்கம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 2 பாகை வடக்கே இருப்பதால், நமக்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் கால் மணி நேரம்கூட வேறுபாடில்லை. வின்னிப்பெக்கில் திசம்பர் மாத நடுவில் பகல் 8 மணி நேரம்தான். கோடையில் அது 16 மணி நேரமாக நீளும். முதியவர்களுக்கு வழுக்கும் பனிப்பாதையே பெரும் பகை. ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதன்பின் பலர் பழையபடி நடப்பதில்லை. வாசலில் குவிந்த பனியை மண்வெட்டியால் தள்ளும்போது மாரடைப்பு ஏற்படுவதும் அங்கே புதிய செய்தியன்று.

ஆகவே புறப்படுகிறார்கள். புறப்படுவது எளிதன்று. குளிர்காலத்தில் ஆள் இல்லாத வீட்டில் நீர்க்குழாய் உறைந்தால் ஆபத்து. நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது, குழாய் வெடித்துவிடுகிறது. வெப்பம் ஏறிப் பனி உருகியதும், வெடித்த குழாய் வழியே நீர் கொட்டி வீடு முழுவதும் நனைந்து கிடக்கும். அதனால், முதன்மைக் குழாயை மூடி, உள்ளிருக்கும் நீரை வடித்துவிட்டுக் கிளம்புகின்றனர். வீட்டுக் காப்புறுதி நிறுவனங்கள் பல, யாராவது ஒருவர் அடிக்கடி வந்து வீட்டைப் பார்க்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கின்றன. மகனோ அண்டை வீட்டுக்காரரோ சாவியை வாங்கிக்கொள்கிறார். கடிதங்களைத் திருப்பிவிட வேண்டும். ஆறு மாதத்திற்கு வேண்டிய மருந்துகளைச் சேர்க்க வேண்டும்.

தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் பாட்டி, தாத்தாக்களுக்கு இது வியப்பாகத் தோன்றலாம். தோட்டத்து லயன் வீடு நிருவாகத்தின் சொத்து. வேலையிலிருந்து ஓய்வுபெற்றால், முப்பது நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டைவிட்டு வெளியேற வேண்டிய நிலை பலருக்கு வந்தது. வாசலில் நட்ட முருங்கையையும் கறிவேப்பிலையையும் விட்டுவிட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றினார்கள். வீட்டை விட்டுப் போவது என்பது அவர்களுக்கு ஒரு முறை நிகழ்ந்தது. திரும்பி வருவதற்கு இடமில்லை. தம் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு, அடுத்த ஆண்டும் பூட்டுவதற்காகத் திரும்பி வருபவர்களை அவர்கள் எப்படிப் புரிந்துகொள்வார்கள்?

தமிழருக்கும் பருவத்தைத் தேடிச் செல்லும் வழக்கம் உண்டு, திசைதான் வேறு. நாம் வெப்பத்திலிருந்து தப்பிக்க மலையேறினோம். ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாண அரசே கோடையில் உதகமண்டலத்திற்கு இடம்பெயர்ந்தது. இன்று டொரன்டோவில் குடியேறிய தமிழர் சிலர் மார்கழியில் சென்னைக்கு வந்துவிடுகின்றனர். அங்கே கச்சேரிகள் நடக்கும், சொந்தபந்தங்களையும் பார்க்கலாம். பனியிலிருந்து தப்பிப்பது அதில் கூடுதல் வரவு.

வண்டியோடு தெற்கே போகும் வழக்கம் நூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. 1919இல் புளோரிடாவின் தம்பா நகரத்துப் பூங்கா ஒன்றில், மகிழுந்திலேயே தங்கிப் பயணம் செய்தவர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். ‘தகரக்குவளைச் சுற்றுலாப் பயணிகள்’ என்பது அதன் பெயர். தகரத்தில் அடைத்த உணவை உண்டு, கூடாரம் அடித்துத் தங்கியதால் வந்த பெயர் என்பர். தங்கள் வண்டியின் முன்புறத்தில் ஒரு தகரக்குவளையைப் பொருத்திக்கொள்வது உறுப்பினர்களின் அடையாளம். எதிரே வரும் வண்டியில் குவளை தெரிந்தால், அவர் நம் ஆள்.

டொரன்டோவிலிருந்து மயாமி வரை சாலை வழியாக ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான நமது வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைப் போல மூன்று மடங்கு. இந்தத் தூரத்தை எழுபது வயதைக் கடந்தவர்கள் வீட்டை இழுத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். மேற்கு மாநிலங்களிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் அரிசோனாவை நோக்கிச் செல்வர். டெக்சஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் வந்து தங்குபவர்களை உள்ளூர் மக்கள் ‘குளிர்கால டெக்சஸ்காரர்’ என்று அன்பாக அழைக்கின்றனர். குளிர்காலம் வந்தால் கடைகளுக்கு வியாபாரம் வருமல்லவா!

அரிசோனாவில் குவார்ட்சைட் என்றோர் ஊர் இருக்கிறது. பாலைவனத்தின் நடுவே, நெடுஞ்சாலை ஓரத்தில் அமைந்த சிற்றூர். நிலையாகக் குடியிருப்போர் நான்காயிரத்துக்கும் குறைவு. கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவதால் தெருவில் ஆளைப் பார்ப்பதே அரிது. ஆனால், ஜனவரியில் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இதமாக இருக்கும். அப்போது ஊரைச் சுற்றியுள்ள கற்பாலையில், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை வெள்ளையாகக் கேம்பர் வண்டிகள் நிற்கும். பாறைகளையும் அரிய கற்களையும் விற்கும் சந்தைகள், பழம்பொருள் கடைகள், வண்டிக் கண்காட்சி என்று ஊர் திருவிழாக் கோலம் பூணும்.

இந்தப் பாலை நிலத்தின் பெரும்பகுதி அமெரிக்க மத்திய அரசுக்குச் சொந்தமானது. நில மேலாண்மைப் பணியகம் அதை நிருவகிக்கிறது. பொதுவாக அரசு நிலத்தில் ஓரிடத்தில் 14 நாள்களுக்குமேல் தொடர்ந்து தங்கக்கூடாது. குளிர்காலம் முழுவதும் தங்க விரும்பியவர்களின் எண்ணிக்கை பெருகியதால், 1983இல் நீண்டகால வருகையாளர் பகுதிகள் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதங்கள் அங்கே தங்கலாம். இதற்கான கட்டணம் பல ஆண்டுகளாக 180 அமெரிக்க டாலராக இருந்தது. நாணய மாற்று விகிதத்தைப் பொறுத்து 700, 800 ரிங்கிட் என்று கொள்ளலாம். மாதக் கட்டணமன்று, ஏழு மாதத்திற்கும் சேர்த்தே அவ்வளவுதான். குவார்ட்சைட்டின் தெற்கே உள்ள லா போசா பகுதி மட்டும் 11,000 ஏக்கருக்கு மேல் பரந்தது. ஒரு பெரிய தோட்டத்தைவிடப் பெரிய நிலம்; வேலி கிடையாது, எண்ணிட்ட இடம் கிடையாது. விரும்பிய இடத்தில் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம்.

இவ்வூரின் கல்லறைத் தோட்டத்தில் கூர்ங்கோபுரம் போன்ற ஒரு நினைவிடம் உண்டு. அதன் உச்சியில் ஒட்டகச் சிற்பம். பாலைவனத்தில் சுமை தூக்குவதற்காக அமெரிக்கப் படை 1856இல் ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது, அவற்றை ஓட்டுவதற்கு மேற்காசியாவிலிருந்து ஆள்களையும் வரவழைத்தது. அவர்களுள் ஒருவர் ஹாஜி அலி. உள்ளூர் மக்களின் நாவில் அவர் பெயர் ‘ஹை ஜாலி’ ஆயிற்று. அவர் 1902இல் குவார்ட்சைட்டில் காலமானார். பெயரைச் சரியாக உச்சரிக்காவிட்டாலும் நினைவிடம் எழுப்பினார்களே என்று ஆறுதல் கொள்ள வேண்டியதுதான். நம் பாட்டனார்களின் பெயர்கள் தோட்டத்துப் பதிவேடுகளில் என்ன பாடுபட்டன என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

வண்டிக்குள் வாழ்க்கை எப்படி இருக்கும்? ‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பார்கள். கேம்பர் வண்டி அப்படிப்பட்ட வளைதான். பகலில் உண்ணும் மேசை, இரவில் பலகை இறக்கிப் படுக்கையாகிவிடும். ஒருவர் சமைத்தால் மற்றவர் எழுந்து வெளியே போக வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் உண்டு. இடம் மாறினால் வண்டி ஓடும்போது தலையில் விழும்.

நீர்தான் முதல் கவலை. வண்டியின் அடியில் மூன்று தொட்டிகள் இருக்கும். ஒன்றில் நன்னீர், ஒன்றில் குளித்த, பாத்திரம் கழுவிய நீர், மூன்றாவதில் கழிவறைக் கழிவு. வசதியான முகாம் திடல்களில் நீர்க்குழாய், மின்சாரம், கழிவுக்குழாய் மூன்றையும் வண்டியுடன் இணைத்துவிடலாம். வாடகை அதற்கேற்ப உயரும். குவார்ட்சைட் போன்ற பாலையில் அந்த வசதி இல்லை. கூரைமீது சூரியத் தகடுகளைப் பொருத்திச் சேமக்கலங்களில் மின்சாரம் சேமிக்கின்றனர். சமைக்கவும் இரவில் சூடேற்றவும் எரிவாயுக் கலன். சில நாள்களுக்கு ஒருமுறை கழிவுத்தொட்டியைக் குறிப்பிட்ட இடத்திற்குக் கொண்டுசென்று காலிசெய்து, நன்னீர் நிரப்பி வர வேண்டும். பாலையில் வந்து ஒரு வாரம் வாழ்ந்தவருக்கு ஒரு வாளி நீரின் அளவு கையிலேயே தெரிந்துவிடும். முகம் கழுவிய நீரைப் பிடித்துப் பாத்திரத்தின் முதல் அழுக்கைக் கழுவுவார். நம் நாட்டில் நீர்த்தடை அறிவிக்கப்படும் நாள்களில் நாம் செய்வதை அவர்கள் குளிர்காலம் முழுவதும் செய்கிறார்கள்.

மாலையில் வண்டிகளுக்கு நடுவே நாற்காலிகள் வட்டமாகப் போடப்படுகின்றன. ஒவ்வொருவரும் ஓர் உணவைக் கொண்டுவந்து பகிர்ந்துகொள்கின்றனர். வண்டி பழுது, மருத்துவர், பேரப்பிள்ளைகள் என்று பேச்சு நீளும். நகரத்தில் பத்தாண்டுகளாக ஒரே தெருவில் வாழ்ந்தும் பேசாத மனிதர்கள், இங்கே பக்கத்து வண்டிக்காரரின் இரத்த அழுத்த அளவைக்கூட அறிந்து வைத்திருப்பர்.

இந்த வாழ்க்கையைத் தீர்மானிப்பது வானிலை மட்டுமன்று; நாள்காட்டியும்தான். கனடியர் ஒருவர் அமெரிக்காவில் வருகையாளராகப் பொதுவாக ஆறு மாதம் வரை தங்கலாம். அதேவேளையில், ஒன்டாரியோ மாநிலத்தின் அரசு மருத்துவக் காப்புறுதியை இழக்காமலிருக்க வேண்டுமானால், எந்த 12 மாத காலத்திலும் குறைந்தது 153 நாள் அம்மாநிலத்தில் இருக்க வேண்டும். மூன்றாவதாக வருகிறது அமெரிக்க வருமான வரித்துறையின் கணக்கு. நடப்பு ஆண்டில் தங்கிய நாள்கள் முழுமையாகவும், கடந்த ஆண்டில் தங்கியவற்றில் மூன்றில் ஒரு பங்கும், அதற்கு முந்திய ஆண்டில் தங்கியவற்றில் ஆறில் ஒரு பங்கும் கூட்டப்படும். கூட்டுத்தொகை 183ஐ எட்டினால், அவரை அமெரிக்காவில் வசிப்பவராகக் கருதி வரி கேட்க வாய்ப்புண்டு.

ஆண்டுதோறும் 150 நாள் தங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 150, 50, 25 ஆகியவற்றைக் கூட்டினால் 225 வரும். வரம்பைத் தாண்டிவிட்டார். ஆண்டுதோறும் 121 நாள் தங்கினால் 181.5தான், தப்பித்தார். வரம்பைத் தாண்டியவரும், அந்த ஆண்டில் தங்கியது 183 நாளுக்குக் குறைவாக இருந்தால், “என் வீடும் வாழ்வும் கனடாவில்தான்” என்று உரிய பாரத்தை நிரப்பி அனுப்பி விலக்குக் கோரலாம். பேரன் பிறந்தநாளுக்கு மூன்று நாள் ஊருக்குப் போய் வந்தாலும், அந்த மூன்று நாளைக் கணக்கில் கழிக்க வேண்டும். பல முதியவர்கள் இதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். பள்ளியில் பின்னக் கணக்கை வெறுத்தவர்களையும் அது விட்டபாடில்லை.

நோய் வந்தால் என்ன ஆகும் என்பதுதான் பெரிய அச்சம். கனடாவில் மருத்துவமனைக்குச் சென்றால் அரசுக் காப்புறுதி செலவை ஏற்கிறது. அமெரிக்காவில் ஒரு நாள் உள்நோயாளியாக இருப்பதற்கே ஆயிரக்கணக்கான டாலர் ஆகலாம். ஒன்டாரியோவின் திட்டம் வெளிநாட்டு மருத்துவமனைக்கு ஒரு நாளைக்குத் தருவது அதிக அளவாக 400 கனடிய டாலர்தான். மீதியை ஈடுகட்டப் பயணக் காப்புறுதி வாங்க வேண்டும். அந்தக் காப்புறுதியில், புறப்படுவதற்கு முந்திய குறிப்பிட்ட காலத்தில் பழைய நோய் எதுவும் மாற்றமின்றி நிலையாக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக உண்டு. இங்கேதான் சிக்கல். செப்டம்பரில் மருத்துவர் இரத்த அழுத்த மாத்திரையின் அளவை மாற்றினால், நிறுவனம் அதை ‘நிலையற்ற நிலை’ என்று சொல்லக்கூடும். உடலுக்கு நல்லது செய்த மாற்றம், காப்புறுதிக்குக் கேடாகிவிடுகிறது. வயது ஏற ஏறக் காப்புறுதிக் கட்டணமும் ஏறும். எண்பதை நெருங்கியவர்கள் பலர் குளிருக்கு அஞ்சி வீட்டில் இருப்பதா, கட்டணத்திற்கு அஞ்சி வீட்டில் இருப்பதா என்று தெரியாமல் இருந்துவிடுகின்றனர். இத்தகையோரின் நலனுக்காகக் கனடாவில் 1992இல் பனிப்பறவைகள் சங்கமே தோன்றியது.

எல்லாருக்கும் திரும்பிச் செல்ல வீடு இருப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு நிதி நெருக்கடிக்குப் பிறகு, வேலையையும் வீட்டையும் இழந்த முதியவர்கள் சிலர் வேனிலும் பழைய கேம்பர் வண்டியிலும் குடியேறினர். ஓய்வூதியம் வீட்டு வாடகைக்குப் போதவில்லை. வண்டிக்கு வாடகை இல்லை. இவர்கள் கோடையில் வடக்கே முகாம் திடல்களைப் பராமரிக்கின்றனர். அக்டோபரில் மினசோட்டா, வட டகோட்டா பகுதிகளில் சர்க்கரைக் கிழங்கு அறுவடையில் இரவு பகலாக உழைக்கின்றனர். ஆண்டிறுதியில் கிடங்குகளில் பொட்டலம் கட்டுகின்றனர். குளிர் முற்றியதும் குவார்ட்சைட்டுக்கு வந்துசேர்கின்றனர். ஜெசிக்கா புரூடர் என்ற செய்தியாளர் இவர்களுடன் பயணம் செய்து 2017இல் ‘நோமட்லேண்ட்’ என்ற நூலை வெளியிட்டார். குளோயி சாவ் அதைத் திரைப்படமாக்கினார்; அது 2021இல் சிறந்த படத்திற்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. இவர்களுள் பலர் தங்களை வீடற்றவர் என்று சொல்வதில்லை. மனைக்கட்டு இல்லை, வீடு இருக்கிறது என்கின்றனர். அந்தப் பெருமிதத்தை மதிக்க வேண்டும். எழுபது வயதில் கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே நிற்க நேர்ந்ததையும் மறந்துவிடக் கூடாது. முகாமில் விலையுயர்ந்த வண்டிக்குப் பக்கத்திலேயே இவர்களின் பழைய வேன் நிற்கும். இரண்டும் தொலைவிலிருந்து பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள்தாம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்த ஏற்பாடு முழுவதும் ஆட்டங்கண்டது. கோவிட்-19 பரவியபோது, மார்ச் 16ஆம் நாள் கனடியப் பிரதமர் வெளிநாட்டில் இருக்கும் கனடியரை உடனே நாடு திரும்பும்படி கேட்டுக்கொண்டார். மார்ச் 21ஆம் நாள் இரு நாடுகளுக்கும் இடைப்பட்ட தரைவழி எல்லை, இன்றியமையாப் பயணங்களைத் தவிர மற்றவற்றுக்கு மூடப்பட்டது. தன் குடிமக்களைக் கனடா தடுக்கவில்லை. ஆனால், தெற்கே இருந்தவர்கள் வழியில் உணவகங்களும் திடல்களும் மூடிக்கிடக்க, ஆயிரக்கணக்கான கிலோமீட்டரை ஓட்டி வரவேண்டியிருந்தது. ஊர் சேர்ந்ததும் 14 நாள் தனித்திருக்க வேண்டும். வண்டியையே வீடாகக் கொண்டவர்களின் நிலை இன்னும் மோசம். மார்ச் மாதத்தில் கனடாவின் முகாம் திடல்கள் பல பனிக்காலத்திற்காக மூடியிருந்தன. குழாயில் நீர் உறைந்திருந்தது. நாடு வரச் சொன்னது; நிறுத்த இடம் இல்லை.

அடுத்த குளிர்காலத்திலும் தரைவழி எல்லை திறக்கவில்லை. வானூர்தியில் செல்லத் தடையில்லை என்பதால், சிலர் வண்டியைச் சரக்காக அனுப்பிவிட்டுத் தாங்கள் பறந்து சென்றனர். எல்லையைத் தாண்ட ஹெலிகாப்டர் ஏறியவர்களும் உண்டு. பலர் கனடாவிலேயே குளிர் குறைந்த இடத்தைத் தேடினர். பசிபிக் பெருங்கடலின் ஓரத்திலுள்ள வான்கூவர் தீவின் முகாம் திடல்கள் நிரம்பின. அங்கே பனி குறைவு, மழை மிகுதி. 2021 நவம்பர் 8ஆம் நாள், தடுப்பூசி போட்டவர்களுக்காக எல்லை மீண்டும் திறந்தபோது, விடியுமுன்னரே வண்டிகள் வரிசையில் நின்றன.

நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே இந்தப் பயணம் தலைகீழாக நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் குளிர்காலம் ஜூனில் தொடங்குகிறது; வெப்பம் இருப்பது வடக்கே. மெல்பர்ன், அடிலெய்டு ஆகிய நகரங்களின் முதியவர்கள் கேரவனை இழுத்துக்கொண்டு புரூம், டார்வின், கரும்பா என்று வடக்கு நோக்கிச் செல்கின்றனர். அவர்களை ‘நரைமுடி நாடோடிகள்’ என்கின்றனர். அக்டோபருக்குப் பின் வடக்கில் மழைக்காலமும் புயலும் வருவதால், அதற்குள் திரும்பிவிடுவர். அவர்கள் தேடி வரும் அந்த வெப்பமும், அஞ்சி ஓடும் அந்த அடைமழையும் ரெங்கத்து மக்களுக்குப் பழகியவை.

வண்டி ஓட்டுவதற்கும் ஒரு முடிவு உண்டு. ஒன்டாரியோவில் 80 வயதை எட்டியவர், ஓட்டுநர் உரிமத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்போது கண்பார்வை சோதிக்கப்படும். தம்பதியரில் ஒருவர் மட்டுமே பெரிய வண்டியை ஓட்டத் தெரிந்தவர் என்றால், அவருடைய பார்வை மங்கும் ஆண்டே இருவருக்கும் கடைசிப் பயணம். சிலர் ஐம்பது வயதிலேயே மற்றவருக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிடுகின்றனர். சிலர் தெற்கே ஒரு திடலில் நிலையாக நிறுத்திவைக்கும் சிறுவீட்டை வாங்குகின்றனர். அமெரிக்க விதிப்படி அது 400 சதுர அடிக்கு மிகக்கூடாது. சக்கரம் இருக்கும், ஆனால் நகராது. சிலர் வண்டியை விற்றுவிட்டு, வாசலில் பனி தள்ள ஆள் அமர்த்திக்கொள்கின்றனர்.

நவம்பரில் முகாமுக்கு வந்து சேர்பவர்கள் முதலில் செய்வது, பக்கத்தில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான். வழக்கமான இடத்தில் வழக்கமான வண்டி இல்லாவிட்டால் ஓரிரு வாரம் காத்திருப்பர். வழியில் வண்டி பழுதாகியிருக்கலாம். பேரப்பிள்ளையின் திருமணமாக இருக்கலாம். பின்னர் யாராவது ஒருவர் தொலைபேசியில் அழைத்துக் கேட்பார். அன்று மாலையும் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள்.